மூன்றாவது பாய்ச்சல்

விளையாட்டுக்கள் அனைத்திலும் உயரம் பாய்தலுக்கு ஒரு விசித்திரமான விதி அமைந்திருக்கிறது. ஓட்டப் போட்டியில் முதலாவதாக வந்தவன் நூலை அறுத்த கணத்திலேயே வெற்றியோடு நின்றுவிடலாம். உதைபந்தாட்டத்தில் நடுவரின் ஊதுகுழல் ஒலித்ததும் வென்றவர்கள் துள்ளிக் குதிக்கலாம். உயரம் பாய்பவனுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஏனையோர் யாவரும் விலகிவிட்ட பின்னரும் அவன் குறுக்குத் தடியை இன்னும் உயர்த்தும்படி கேட்கிறான். எங்கோ ஓர் உயரத்தில் மூன்று முறை தொடர்ந்து அதைத் தட்டி வீழ்த்துகிறான். அதற்குப் பின்னரே பதக்கம் வாங்கப் போகிறான். வென்றவனும் அன்றைய தினத்தின் கடைசிப் பாய்ச்சலில் தோற்றவனாகவே எழுந்து வருகிறான்.

இந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து முப்பத்தைந்து வருஷங்கள் சம்பளம் வாங்கியவன் நான். ஓடும் அடிகளை அளந்து கொடுத்தேன்; காலை எங்கே ஊன்றுவது, இடுப்பை எப்போது திருப்புவது என்றெல்லாம் கற்பித்தேன். ஒரு முறை தட்டியவன் அடுத்த முறை பாய்வதற்கு முன்னுள்ள அந்தச் சில நிமிஷங்களில் அவன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் கற்பிக்கவில்லை. கற்பிக்க எனக்கே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் தலைமுறையினருக்கு உயரம் பாய்தலின் மீது மோகம் பிறந்ததற்குக் காரணமானவர் ஒருவரே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 ஆம் ஆண்டில், தமது பதினேழாவது வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 1956 இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கிற்கும் சென்றார். இரண்டிலும் பதக்கம் கிடைக்கவில்லை. 1958 இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஆறு அடி எட்டு அங்குலம் பாய்ந்து, ஆசிய விழாக்களில் இலங்கைக்குரிய முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வளவின் மூலையில் இரண்டு கிளுவங்கதியால்களை நட்டு, குறுக்கே ஒரு கமுகஞ் சலாகையை வைத்து, கீழே குருமணலைக் கொட்டி, ஊரிலுள்ள பையன்கள் எல்லோரும் எதிர்வீரசிங்கமானோம். முழங்கால்களில் தோல் உரிந்ததற்கும், வேலிக் கதியாலைப் பிடுங்கியதற்காக வாங்கிய அடிகளுக்கும் கணக்கில்லை. பதக்கமின்றித் திரும்பிய அந்த ஆறு வருஷங்களை அவர் எவ்வாறு கழித்திருப்பார் என்று எங்களில் எவனும் சிந்தித்ததில்லை. 2024 ஆம் ஆண்டில் அவர் மறைந்த செய்தியைப் படித்த அன்றுதான் அந்தக் கேள்வி முதன்முதலாக என் மனத்தில் எழுந்தது. அதனோடு கூடவே, ஐம்பது வருஷங்களுக்கு முந்திய ஒரு மாலைப் பொழுதும் எழுந்து வந்தது.

அது 1974 ஆம் ஆண்டு. நான் ஆசிரியனாகி இரண்டு வருஷங்கள்கூட ஆகவில்லை. என்னிடம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். மெலிந்த தேகம்; நீண்ட கால்கள்; பேச்சு மிகக் குறைவு. பாடசாலை மைதானத்து மணற்குழியில் ஐந்து அடி எட்டு அங்குலத்தை அவன் தாண்டுவதை நான் பல முறை என் கண்களாற் கண்டிருக்கிறேன். மாவட்டப் போட்டியில் முதலிடம் அவனுக்கே என்று அதிபரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதிபர் அதைப் பெற்றோர் கூட்டத்திலே சொல்லிவிட்டார். பையனின் தகப்பனார் தோட்ட வேலையை விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போட்டி பார்க்க வந்துவிட்டார்.

அன்று அவன் ஐந்து அடி ஆறு அங்குலத்தை முதல் முறை தட்டினான். இரண்டாம் முறையும் தட்டினான். மூன்றாவது பாய்ச்சலுக்கு முன்னர் நான் கயிற்றைத் தாண்டி ஓடிச் சென்று, அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, இஞ்சை பார். பள்ளிக்கூடம் முழுக்க உன்னை நம்பி நிக்குது. கொப்பரும் வந்து நிக்கிறார். பயப்பிடாதை. ஒண்டையும் யோசியாதை. கடைசி மூண்டு அடியையும் நீட்டி வை, கையை உயர்த்தி எடு, பின்காலை மடக்கு. விளங்குதோ?”

“ஓம் சேர்.”

அவன் ஓடினான், பாய்ந்தான், தடி விழுந்தது. காலிலே பட்டு விழுந்தது என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவன் மணலிலே குந்தியிருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் அருகிற் சென்று, “ஆம்பிளைப் பிள்ளை இப்பிடி நாலு பேருக்கு முன்னாலை அழுகிறதே?” என்று கேட்டேன். அவன் அழுகையை நிறுத்தினான். மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான்.

அப்போது எனக்கு அவன் மீது கோபமே இருந்தது. நெஞ்சுரம் இல்லாதவன் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் புத்தகங்கள் எனக்கு உணர்த்தின.

ஆபத்தொன்றைக் கண்டதும் உடல் என்ன செய்கிறது என்பது இன்று நன்கு அறியப்பட்ட விஷயம். சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரீனலின் என்னும் பொருளை இரத்தத்திற் கலக்கின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது. தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குச் செல்லும் இரத்தம் கூடுகிறது. ஆகையால் கைகள் குளிர்கின்றன. உள்ளங்கை வியர்க்கிறது. சீரண வேலை தடைப்படுவதால் வயிற்றைப் பிசைகிறது. புலியைக் கண்ட மனிதன் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ இயற்கை செய்து கொடுத்த ஆயத்தம் இது. ஆதலால் நடுக்கத்தைக் கோழைத்தனத்தின் அடையாளமாகக் கொள்வது தவறு. பாய்வதற்கு வேண்டிய வலு வந்து சேர்ந்துவிட்டதற்கும் அதுவே அறிகுறி.

அப்படியானால் அந்த வலு சிலரைத் தூக்கிவிடுவதும் சிலரைக் கவிழ்ப்பதும் ஏன்? இக்கேள்வி பழையது. அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் திரிப்பிளெற் என்பவர் 1898 இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். சைக்கிளோட்டிகள் தனியே ஓடும்போதிலும் பார்க்கப் பிறருடன் போட்டியிடும்போது விரைந்து ஓடுவதைக் கண்ட அவர், நாற்பது சிறுவர் சிறுமியரிடம் தூண்டில் நூல் சுற்றும் கருவியைக் கொடுத்து, தனியாகவும் இருவர் இருவராகவும் சுற்றச் செய்தார். போட்டி வந்ததும் இருபது பேர் வேகங் கூடினர். பத்துப் பேரிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எஞ்சிய பத்துப் பேர் போட்டியின் வேகத்தாலேயே தடுமாறி, தனியே செய்ததிலும் பார்க்கப் பின்தங்கினர். விளையாட்டைப் பற்றிய உளவியல் ஆராய்ச்சிக்கு இதனையே தொடக்கமாகச் சொல்வார்கள். என்னிடம் வந்த பிள்ளைகளுள் அந்தப் பத்துப் பேரைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணும்போது இரவில் நித்திரை வருவதில்லை.

தடுமாறுவதற்குரிய காரணங்களுள் ஒன்றை நம்மூர்க்காரர் எவரும் அறிவர். வயல் வரம்பில் சைக்கிள் ஓட்டுபவன் பேச்சுப் பேசிக்கொண்டு நேரே பார்த்துப் போனால் சுகமாகப் போய்ச் சேருவான். “விழுந்துவிடுவேனோ?” என்று முன்சில்லைப் பார்த்துக் கைப்பிடியை நேராக்கத் தொடங்கினானோ, அடுத்த கணம் சேற்றிலே கிடப்பான். ஆயிரந் தரம் பழகிய செயல் அறிவின் கையைவிட்டு உடம்பின் கைக்குப் போய்விடுகிறது. நெருக்கடி வந்ததும் அறிவு பதறிப்போய், உடம்பிடமிருந்து அதனைப் பறித்து, அடி அடியாக ஆளப் பார்க்கிறது. அங்கேதான் தாளம் தவறுகிறது.

இனி, நான் அன்று அந்தப் பையனிடம் சொன்னவற்றை வாசகர்கள் மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பாடசாலையையும் தகப்பனாரையும் அவனுடைய முதுகில் ஏற்றினேன். பயப்படாதே என்றதனால், பயத்தோடு பயந்ததற்கான வெட்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒன்றையும் யோசியாதே என்று சொன்ன அதே மூச்சில், யோசிப்பதற்கு மூன்று விஷயங்களைக் கையில் திணித்தேன். உண்மையில் அன்று அந்த மைதானத்தில் எல்லோரிலும் அதிகம் பயந்துபோயிருந்தவன் நான்தான். அதிபரிடம் கொடுத்த வாக்கு என் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பையனுக்குக் கொடுத்தது புத்திமதியன்று; என்னுடைய பயத்தை.

பெரியவர்கள் சிறியவர்களின் மீது தம் பயத்தை ஏற்றிவைப்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஜோன் தோமஸ், 1959 இல், பதினேழு வயதில், உள்ளரங்கப் போட்டியில் ஏழு அடியைத் தாண்டிய முதல் மனிதர். அதே வருஷத்தில் மின்தூக்கி ஒன்றிற் சிக்கி அவருடைய பாதம் நசுங்கியது. அதிலிருந்து மீண்டு, 1960 இல் 2.22 மீற்றர் பாய்ந்து உலக சாதனை படைத்தார். அந்த வருஷம் ரோம் ஒலிம்பிக்கிற்கு அவர் போனபோது தங்கப் பதக்கம் முன்னமே அவர் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டதாகவே அமெரிக்கப் பத்திரிகைகள் எண்ணின. வயது பத்தொன்பது. எதிரே சோவியத் நாட்டு வீரர் மூவர். ஷவ்லக்காத்சே 2.16 மீற்றரில் தங்கம் வென்றார், பதினெட்டு வயது புறூமெல் அதே உயரத்தில் இரண்டாமிடம் பெற்றார், 2.14 உடன் தோமஸ் மூன்றாமிடத்தில் நின்றார். உலகிலே மூன்றாவதாக வந்த ஓர் இளைஞனை, நெஞ்சில் உரமில்லாதவன் என்று அவருடைய சொந்த நாட்டவரே பழித்தனர். அந்தப் பழிச்சொல் தம்மை நோயாளியாக்கியது என்று அவர் பிற்காலத்தில் வருந்திச் சொன்னார். நெஞ்சில் உரமில்லாதவன்! நானும் அதே சொல்லை அல்லவா உபயோகித்தேன்?

ஆனால் தோமஸ் பாய்வதை விட்டுவிடவில்லை. 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் புறூமெலும் அவரும் ஒரே உயரத்தை, 2.18 மீற்றரை, தாண்டினர். தட்டிய கணக்கைப் பார்த்துப் புறூமெலுக்குத் தங்கமும் தோமஸுக்கு வெள்ளியும் அளித்தனர். இரண்டு வல்லரசுகள் பகைமை கொண்டாடிய அந்நாளில் இவ்விருவரும் நண்பர்களாக இருந்தனர். எவரும் அறியாத அந்த நெஞ்சுப் படபடப்பை ஒருவருக்கொருவர் அறிந்திருந்தமையால் உண்டான நட்பு அது என்று நான் நினைப்பதுண்டு.

1968 இல் மெக்சிக்கோ நகரத்தில், முதுகைத் தடியின் பக்கம் திருப்பிப் பாயும் புதுமுறையால் 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் வென்ற டிக் பொஸ்பரியின் பழைய படச்சுருளை நான் பல முறை பார்த்திருக்கிறேன். எல்லோரும் அவர் பாயும் விதத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அதற்கு முன்னுள்ள பகுதியை. மனிதர் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகிறார். கைவிரல்களை மூடுகிறார், திறக்கிறார், மறுபடியும் மூடுகிறார். பயத்தை மறைப்பதற்கு எந்த முயற்சியும் இல்லை. மடையிலே தேங்கும் தண்ணீர் தானாக மட்டத்திற்கு வரட்டும் என்று தோட்டக்காரன் காத்திருப்பதுபோலக் காத்திருந்துவிட்டு ஓடத் தொடங்குகிறார்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் என்னும் பேராசிரியை 2014 இல் வெளியிட்ட சில பரிசோதனைகள் இதற்குப் பொருத்தமானவை. பிறர் முன்னிலையில் பாடவும் பேசவும் வேண்டியிருந்தவர்களுள், படபடப்பை அடக்க முயலாது, “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தனர். அமைதியாயிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பேசியவர்களைவிட அவர்கள் சிறப்பாகப் பேசினர். துடிக்கும் இருதயத்தை நிறுத்துவது கடினம். அதற்கு வேறொரு பெயர் வைப்பது அவ்வளவு கடினமன்று. இது மந்திரமென்று நான் சொல்ல வரவில்லை. பழகாத காலுக்குப் பெயர் மாற்றம் என்ன செய்யும்?

அண்மைக் காலத்து ஒலிம்பிக்குகள் இரண்டினைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 இல் ரோக்கியோவில் கட்டார் நாட்டுப் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீற்றர் வரை ஒரு முறையும் தட்டாமற் பாய்ந்து, 2.39 இல் இருவரும் மும்முறை தட்டினர். மேலும் பாய்ந்து முடிவு காண்பதா என்று அதிகாரி கேட்டபோது, இரண்டு தங்கம் தர முடியுமா என்று பார்ஷிம் கேட்டார். முடியும் என்றதும் தம்பேரி பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டார். பின்னர் நிலத்திலே புரண்டு அழுதார். 2016 இல் கணுக்கால் முறிந்து றியோவுக்குப் போக முடியாமற்போனபோது தமது காலில் இருந்த மாக்கட்டை அவர் பத்திரப்படுத்தி, ரோக்கியோ மைதானத்திற்கே கொண்டு வந்திருந்தார். 2024 இல் பாரிஸில் அதே நிலை வந்தது. நியூசிலாந்தின் கேரும் அமெரிக்காவின் மக்கியூவனும் பங்கிட்டுக்கொள்ளாமல் தொடர்ந்து பாய்ந்தனர், கேர் 2.34 ஐத் தாண்டி வென்றார். பேராசை என்று சிலர் பழித்தனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவர் கட்டித் தழுவியதும் அழகு. இருவர் இறுதிவரை நின்றதும் அழகு. முடிவு செய்தவர்கள் பாய்ந்தவர்களே. வேலிக்கு வெளியே நின்றவர்கள் அல்லர்.

எதிர்வீரசிங்கம் அவர்கள் காலமான அதே வருஷத்தில், ஒருநாள் மாலை, என் வீட்டுப் படலையில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றார். “சேர், என்னைத் தெரியுதோ?” என்றார். நீண்ட கால்களைக் கண்டு தெரிந்துகொண்டேன். லொறி ஓட்டியதும், இடம்பெயர்ந்து வன்னியிலே பல வருஷங்கள் கிடந்ததும், திரும்பி வந்ததுமாகிய கதையைப் பத்து நிமிஷத்திற் சொல்லி முடித்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். பேத்தி ஒருத்தி உயரம் பாய்கிறாளாம். அடுத்த கிழமை போட்டி.

“நீங்கள் ஒண்டும் சொல்லித் தரவேண்டாம் சேர். சும்மா வந்து நிண்டாற் போதும்.”

போனேன். இப்போது மணற்குழி இல்லை; மெத்தை போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் 1.40 மீற்றரை முதல் முறை தட்டினாள். இரண்டாம் முறையும் தட்டினாள். அவள் என்ன பிழை விடுகிறாள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தடிக்கு மிகவும் நெருங்கிவந்து காலை ஊன்றுகிறாள். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அருகிலே பாட்டனார் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கையசைக்கவில்லை, வாய் திறக்கவில்லை, பேத்தியைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார், அவ்வளவே. என் கைகள் குளிர்ந்திருந்தன. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் தொடைகளில் இரண்டு முறை தட்டிக்கொண்டாள். ஏதோ முணுமுணுத்தாள். தான் ஓடத் தொடங்கும் அடையாளத்தைத் தானாகவே ஒரு பாதமளவு பின்னுக்குத் தள்ளி வைத்தாள். ஓடினாள். தடி நடுங்கியது, விழவில்லை.

அடுத்த உயரமாகிய 1.43 ஐ மூன்று முறையும் தட்டினாள். இரண்டாமிடம். எங்களிடம் வந்து, புல்லிலே அமர்ந்து, விக்கி விக்கி அழுதாள். பாட்டனார் அவளுடைய பையைத் திறந்து துவாயை எடுத்து மடியில் வைத்தார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து பக்கத்தில் வைத்தார். அழாதே என்று சொல்லவில்லை. நல்லாய்ப் பாய்ந்தாய் என்றும் சொல்லவில்லை. அழுது முடிய ஐந்து நிமிஷமாவது சென்றிருக்கும். பிறகு அவள் எழுந்து, தோழிகளோடு கச்சான் வாங்கப் போனாள்.

நாங்கள் இருவரும் வெறுமையான மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐம்பது வருஷமாகச் சொல்லாத ஒன்றை அப்போது சொல்ல நினைத்து, “அண்டைக்கு நான்...” என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

“சேர், அண்டைக்கு மூண்டாந் தரம் நான் தடியை எதாலை தட்டினனான் எண்டு ஞாபகமிருக்கோ?”

“காலாலை.”

“இல்லை சேர். முதல் ரெண்டு தரமும் காலாலை. மூண்டாந் தரம் கையாலை. நீங்கள் கையை உயர்த்தி எடு எண்டு சொன்னனீங்கள். நான் கையையே நினைச்சுக்கொண்டு ஓடினனான்.”